ஒன்பதாம் வளைவு

கொட்டமலைக்கு இருபத்திரண்டு வளைவுகள் இருந்த காலத்தில், மூன்றாம் வளைவுக்கு அடுத்து வருவது நான்காம் வளைவுதான் என்று எல்லாரும் சந்தேகமில்லாமல் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மலைக்கு ஏறி இறங்க காசிமாயனின் ஜீப் ஒன்றுதான் இருந்தது. அதன் பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் உழைக்கும், முன்சக்கரம் இரண்டும் கூடவே உருண்டு வருவதோடு சரி. காலையில் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும், சாயங்காலம் அரிசியும் மண்ணெண்ணெயும் ஆட்களுமாக ஏறும். எட்டு வளைவு வரை முக்கி முனகி வந்துவிடும். ஒன்பதாவதில் வந்து நின்றுவிடும். அந்த வளைவு மற்றதைவிட நீளம், மற்றதைவிடச் செங்குத்து, மழை பெய்தால் சேறு வழுக்கும். ஆகவே ஒன்பதாம் வளைவில் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். எல்லாரும் என்றால் முன்சீட்டைத் தவிர எல்லாரும். முன்சீட்டில் பொம்முராசு உட்கார்ந்திருப்பார். மலையின் பாதி ஏலத்தோட்டம் அவருடையது என்பதால் அவர் இறங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை.

அந்த வளைவின் கீழ்முனையில் தகரக் கூரை போட்டு டீக்கடை வைத்திருந்தவள் ஒச்சம்மாள். அவள் புருஷன் சிவனாண்டிக்கு வேலை கட்டை போடுவது. ஜீப் உறுமிக்கொண்டு இரண்டடி ஏறி மூச்சு வாங்கி நிற்கும். காசிமாயன் பிரேக்கை மிதித்துப் பிடிப்பான். சிவனாண்டி குனிந்து மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, கையையும் உடம்பையும் விலக்கிக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். அந்த விசில் கேட்ட பிறகுதான் காசிமாயன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். வண்டி கட்டையில் சாய்ந்து, பிறகு மறுபடியும் இரண்டடி ஏறும். இப்படி இரண்டிரண்டு அடியாக ஒன்பதாம் வளைவைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். கடந்ததும் எல்லாரும் இறங்கிவந்து ஒச்சம்மாள் கடையில் டீ குடிப்பார்கள். பதினோரு வருஷம் இப்படித்தான் நடந்தது.

ஓர் ஐப்பசியில், கொட்டும் மழையில், ஜீப் பின்னால் உருண்டு சிவனாண்டியின் மேல் ஏறிவிட்டது. விசில் கேட்டுத்தான் காலை எடுத்தேன் என்று காசிமாயன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். முன்சீட்டில் இருந்த பொம்முராசு, ஆமாம், நானும் கேட்டேன் என்றார். அவர் கேட்டேன் என்று சொன்ன பிறகு, வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்ட மாதிரிதான் இருந்தது. கடைக்குள் இருந்த ஒச்சம்மாளுக்கு மட்டும் கேட்கவில்லை. தகரத்தில் மழை விழுந்தால் எப்படியம்மா காதில் விழும் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். ஆனால் அந்த விசில் அவளுக்குத் தெரியும். அது அடித்தால் பதினோராம் வளைவில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நிற்கும். பதினோரு வருஷ மழையில் ஒரு மழையும் அதை அமுக்கியதில்லை.

சிவனாண்டியை வளைவின் மேல்முனையில், ரோட்டோரமாகவே புதைத்தார்கள். கடைவாசலிலிருந்து அங்கே நாற்பத்தோரு எட்டு. தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கப் போகும்போது அவள் எண்ணிக்கொண்டே போவாள். எண்ண வேண்டும் என்று எண்ணியதல்ல, துக்கத்தில் கால் தானாக எண்ணியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே காசிமாயன் ஜீப்பை அடிவாரத்துக்கு ஓட்டிப்போய் இபுராகிம் பட்டறையில் விட்டான். இனிமேல் ஒருத்தரும் இந்த வண்டிக்குக் கட்டை போடக் கூடாது, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி செய்து கொடுங்கள் என்றான். ஊரே அவனை மெச்சியது. மனசாட்சி உள்ள பையன் என்றார்கள். ஒச்சம்மாள் மட்டும் யோசித்தாள். குற்றம் இல்லாதவன் எதற்காக வண்டியைப் பிரித்துப் போட வேண்டும்? அதுவரைக்கும் அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து டிரைவர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இபுராகிம் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். முன்னால் சும்மா கிடந்த அச்சைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த கிரவுன் பல்சக்கரத்தோடு கூடிய அச்சைப் பொருத்தினார். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டியைச் சேர்த்தார். அதிலிருந்து முன்பக்கம் ஒரு ஷாப்ட் விட்டார். டிரைவரின் இடது கைக்கு எட்டும்படி, பெரிய கியருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கியர் முளைத்தது. சின்னக் கியரைப் பின்னால் தள்ளினால் பழையபடி இரண்டு சக்கரம், முன்னால் தள்ளினால் நாலு. பின்னாளில் எல்லாரும் அவரிடம் போய், என்ன பாய் செய்து வைத்தீர்கள் என்று கேட்டபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே, நாலு சக்கரமும் இழுக்கணும்னாங்க, இழுக்குது, எதை இழுக்கும்னு யாரும் கேக்கலையே என்றார்.

முதல் நாள் ஜீப் ஏறி வந்ததை ஒச்சம்மாள் கடைவாசலில் நின்று பார்த்தாள். காசிமாயன் சின்னக் கியரை முன்னால் தள்ளினான். நாலு சக்கரமும் சேற்றைக் கடித்துக்கொண்டு சுற்றின. ஒருவரும் இறங்கவில்லை, பொம்முராசு மடியில் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டிகூட அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் ஜீப் ஏறவே இல்லை. அது நின்ற இடத்திலேயே நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, வளைவின் மேல்முனையும் அங்கே இருந்த சவுக்கு மரமும் மைல் கல்லும் பாயை இழுத்தால் வருகிற மாதிரி மெதுவாக இறங்கி வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றன. பிறகு ஜீப் பத்தாம் வளைவை நோக்கிப் போயிற்று, ரோடும் பாயை விட்ட மாதிரி ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பியது. டீ குடிக்க யாரும் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் விளக்கு வைக்கப் போனவள் எண்ணினாள். நாற்பதரை எட்டு.

ஊருக்கு இது தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் போனது நான்காம் வளைவு. அது சின்ன வளைவு, சீக்கிரம் தீர்ந்துவிட்டது. ஒருநாள் மூன்றாவதில் திரும்பினார்கள், நேராக ஐந்தாவது வந்தது. வண்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஒருவர், நல்லதாப் போச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் கிட்ட வந்துட்டோம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மச்சக்காளை என்பவருக்கு மட்டும் முடியவில்லை, அவருடைய மிளகுத் தோட்டம் நான்காம் வளைவில் இருந்தது. பட்டாவை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போனார். வி.ஏ.ஓ. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, நிலம் இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, ஒரு சென்ட்கூடக் குறையவில்லை, தீர்வையைக் கட்டிவிடுங்கள் என்றார். மச்சக்காளை கட்டிவிட்டு வந்து, மூன்றாம் வளைவுக்கும் ஐந்தாம் வளைவுக்கும் நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கக்கூட இடமில்லாத அந்தக் கோட்டில், தினமும் மிளகுக் கொடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பதின்மூன்றாம் வளைவு. அங்கே ஒரு பலா மரத்துக்காக வெட்டுக்குத்து வரை போய் பன்னிரண்டு வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவர் உண்டு. வளைவு போன மறுநாள் இருவரும் ஒரே இலையில் சாப்பிடாத குறையாகத் இணக்கமாக உட்கார்ந்து கறிச்சோறு தின்றார்கள். எதற்குச் சண்டை போட்டோம் என்று இருவருக்கும் நினைவில்லை. தம்பியின் தோளில் அரிவாள் தழும்பு இருந்தது. அதைத் தடவிப் பார்த்து, மரத்திலிருந்து விழுந்திருப்பேன் போல என்றான். ஊர் இதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டது. வளைவு போனால் மரமும் கொடியும் மட்டும் போகவில்லை, அங்கே நடந்ததும் கூடவே போய்விடுகிறது என்று ஒச்சம்மாளுக்கு மட்டும் அன்றைக்கு விளங்கியது. அப்படியானால் ஒன்பதாம் வளைவு போனால் சிவனாண்டிக்கு என்ன நடந்தது என்பதும் போய்விடும். கேட்க வேண்டிய கேள்வியே தனக்கு மறந்துவிடும். அவரையே மறந்துவிட்டு, எங்கேயோ ஓரிடத்தில், புருஷன் செத்துப்போன யாரோ ஒருத்தியாக உட்கார்ந்திருப்போம். இதற்காகத்தான் வண்டியைப் பிரித்தானா அந்த டிரைவர் என்று நினைத்தாள்.

பதினேழாம் வளைவும் போன பிறகு ஊர் முழுக்கச் சந்தேகம் புகுந்துகொண்டது. நிலம் வைத்திருந்த ஒவ்வொருவரும், பக்கத்துத் தோட்டக்காரன் காசிமாயனுக்குக் கோழி அடித்துப் போட்டுத் தன் வளைவை இழுக்கச் சொல்லியிருக்கிறான் என்று நம்பினார்கள். ஜீப்பில் ஏறியவர்கள் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூக்கைச் சொறிய அவன் கையை எடுத்தால்கூடப் பத்துக் கண்கள் கூடப் போய்விட்டுத் திரும்பின. தோட்டக்காரர்கள் அவரவர் வளைவில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்கள், ஜீப் வந்ததும் குனிந்து முன்சக்கரம் இழுக்கிறதா சும்மா உருளுகிறதா என்று பார்த்தார்கள். பார்த்தால் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டினார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவன் எந்த வளைவுக்காரன் என்று பார்த்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் பொம்முராசுவின் ஏலக்காய் ஸ்டோரில் ஊர் கூடியது. காய் காய்ந்துகொண்டிருந்த சூட்டில் வியர்த்து வழிந்துகொண்டு எல்லாரும் பேசினார்கள். யாருக்கும் ஜீப் வேண்டாமென்று சொல்ல மனமில்லை. சின்னக் கியர் வேண்டாமென்று சொல்லவும் மனமில்லை, மறுபடியும் யார் இறங்கித் தள்ளுவது? பொம்முராசுதான் வழி சொன்னார். பட்டா உள்ள வளைவுகளில் சின்னக் கியர் போடக் கூடாது, பட்டா இல்லாத வளைவில் போட்டுக்கொள்ளலாம். கேட்டவர்கள் முகத்தில் நிம்மதி வந்தது; எவ்வளவு நியாயமான பேச்சு! பிறகு வி.ஏ.ஓ. பதிவேட்டைத் திறந்தார். மலைப்பாதை முழுக்கப் பட்டா நிலம். ஒன்பதாம் வளைவு மட்டும் பாறைப் புறம்போக்கு.

ஒச்சம்மாள் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து முன்னால் வந்து, என் வீட்டுக்காரர் அங்கே கிடக்கிறார் என்றாள். அதற்கு ஒருவர், எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம், ஊர் உதவி செய்யும் என்றார். இன்னொருவர், அது ஆளைக் காவு வாங்கிய வளைவு, போனால் எல்லாருக்கும் நல்லதுதானே தாயி என்றார். பட்டா இருக்கிறதா என்று வி.ஏ.ஓ. கேட்டார், குரலில் கோபமில்லை, வழக்கமாகக் கேட்பதுதான். அவள் பொம்முராசுவையே பார்த்தாள். அவர் ஏலக்காய் ஒன்றை எடுத்து உரித்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றிலும் காசிமாயனைத் தேடினாள். அவன் கதவுக்கு வெளியே, வெயிலில், யாரும் உள்ளே கூப்பிடாதவன் மாதிரி நின்றிருந்தான். அன்றிலிருந்து அவளுடைய சந்தேகம் ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று, டிரைவரோடு முன்சீட்டும் சேர்ந்துகொண்டது.

மறுநாளிலிருந்து மலையின் மொத்தப் பாரமும் ஒன்பதாம் வளைவின் மேல் விழுந்தது. மற்ற வளைவுகளில் ஜீப் இரண்டு சக்கரத்தில் திணறிக்கொண்டு, தோட்டக்காரர்கள் தாங்களே தள்ளிவிட ஏறி வந்தது. தன் நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தள்ளுவது யாருக்கும் கஷ்டமாக இல்லை. ஒன்பதாவதுக்கு வந்ததும் எல்லாரும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். காசிமாயன் சின்னக் கியரைப் போடுவான். ரோடு இறங்கி வரும். முன்பு இரண்டு மூன்று நாளுக்கு அரை எட்டுக் குறைந்த இடத்தில் இப்போது நாளுக்கு முழுசாக ஓர் எட்டுக் குறைந்தது. ஊர் கூடிய அன்று இருபத்து மூன்று எட்டு இருந்தது. பிறகு இருபத்திரண்டு. பிறகு இருபத்தொன்று.

முதல் வாரம் அவள் நடுரோட்டில் போய் நின்றாள். நின்ற இடத்தோடு அவளையும் சேர்த்து ரோடு இறங்கி வந்தது, ஜீப் ஒதுங்கிப் போய்விட்டது. அடுத்த வாரம் பாறையை உருட்டிப் போட்டாள். பாறையும் இறங்கி வந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அன்றைக்கு உங்களுக்கு விசில் கேட்டதா என்று கேட்டாள். தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கேட்டது என்றார், இன்னொருவர் கேட்ட மாதிரி இருந்தது என்றார், மூன்றாவது ஆள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்கே தள்ளினோம் என்றார். அந்த ஆளுக்கு வளைவு கரையக் கரைய நினைவும் கரைய ஆரம்பித்திருந்தது. அவளுக்கே ஒருநாள் காலையில் சிவனாண்டியின் மீசை எப்படி இருக்கும் என்று சட்டென்று பிடிபடவில்லை. மதியம் வரை உட்கார்ந்து யோசித்து மீட்டுக்கொண்டாள். அவ்வளவு நேரமும் அழுதாள்.

பத்து எட்டுக்குக் கீழே வந்ததும் அவள் ரோட்டில் நிற்பதை நிறுத்திவிட்டாள். கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கடைவாசலில் உட்கார்ந்து, நாளுக்கு ஓர் எட்டாகத் தன் பக்கம் வந்துகொண்டிருந்த மண்மேட்டைப் பார்த்தபடி இருந்தாள். கத்திக்கொண்டிருந்தவள் வாயை மூடியதும் ஊருக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. அந்தப் பெண் என்னவோ செய்வினை செய்கிறாள், புருஷனைத் தன் வீட்டுக்கே வரவழைக்கிறாள், ஜீப்பை ஏவிவிட்டதே அவளாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அவள் கடையில் டீ குடிப்பதை ஒவ்வொருவராக விட்டார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

காசிமாயன் மெலிந்துகொண்டு வந்தான். முன்பு ஜீப் நிற்கிற இடத்துக்கும் மண்மேட்டுக்கும் நல்ல தூரம் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே அவனால் போக முடிந்தது. இப்போது தினமும் அதை அவன்தான் தன் சக்கரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தான். ஐந்து எட்டு இருந்தபோது சின்னக் கியரில் கை வைத்துவிட்டு எடுத்தான், மறுபடியும் வைத்தான். மூன்று எட்டு இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு போட்டான். இரண்டு எட்டு இருந்த அன்று வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தான். பொம்முராசு, மிச்சம் இருக்கிறதையும் முடிச்சு விட்டுட்டு அப்புறம் ரிப்பேருக்கு விடு என்றார். ஒச்சம்மாள் இதையெல்லாம் பார்த்தாள். துக்கப்பட்டவன் முகம் எப்படி இருக்கும், பயந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு வித்தியாசம் தெரியும்.

ஓர் எட்டு மிச்சம் இருந்த அன்று சித்திரை மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு ஜீப் எட்டாம் வளைவில் திரும்பி வந்தது. உள்ளே பன்னிரண்டு பேர், முன்சீட்டில் பொம்முராசு. இன்னும் ஒரே ஒரு தடவை சக்கரம் சுற்றினால் கடையும் மேடும் ஒன்றோடொன்று ஒட்டி, எட்டாம் வளைவுக்கு அடுத்தது பத்தாம் வளைவு என்று ஆகிவிடும்; எல்லாருக்கும் அது தெரியும், அதனால்தான் எல்லாரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காசிமாயன் சரிவில் வண்டியை நிறுத்தினான். அந்த ஜீப்பில் கைபிரேக் என்பது பெயருக்குத்தான், அவன் கால் பலத்தில்தான் அது நின்றது.

அவன் இடது கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

கியரைப் போடு என்றார் பொம்முராசு. அவன் போடவில்லை. ஒச்சம்மாள் கடைக்குள்ளிருந்து மரக்கட்டையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். அது சிவனாண்டி வைத்திருந்த கட்டைதான். நேராக வண்டியின் பின்னால் போய், இடது பின்சக்கரத்துக்குப் பின்னால், சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. வண்டிக்குள் இருந்த ஒரு பெண் மெதுவாக, ஐயையோ என்றாள்.

"டிரைவரே, கால எடுத்தா நான் இருக்க மாட்டேன். பாத்துக்க" என்றாள் ஒச்சம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் வண்டியிலிருந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. "அன்னைக்கி அவரு விசில் அடிச்சாரா?"

"ஏ பொம்பள, எந்திரி. டேய் மாயா, நீ கியரப் போடுறா" என்றார் பொம்முராசு.

காசிமாயன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

"அடிக்கல மதினி" என்றான்.

வண்டிக்குள் பன்னிரண்டு தலையும் அவன் பக்கம் திரும்பின.

"அடிக்கல. அப்பதான் குனிஞ்சு கட்டைய வச்சிக்கிட்டு இருந்தாரு. கண்ணாடியில தெரிஞ்சுச்சு. நேரமாச்சு நேரமாச்சுன்னு முன்சீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தாக. பொறுங்கய்யான்னேன். தொடையில தட்டி, விடுறான்னாரு. நான் கால எடுத்துட்டேன் மதினி."

பொம்முராசு திரும்பி வண்டிக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். வழக்கமாக அவர் அப்படிப் பார்த்தால் ஆமாம் என்று நாலு தலைகளாவது ஆடும். அன்று ஒன்றும் ஆடவில்லை. அவர் எப்போதும் பேசுகிற குரலிலேயே, நடந்தது நடந்துபோச்சு, இன்னும் ஒரு இழுப்புத்தான், அப்புறம் யாருக்கும் இதெல்லாம் ஞாபகம் இருக்காது, எல்லாரும் நிம்மதியா இருக்கலாம் என்றார். அவர் மனசில் எவ்வளவு நாளாக அந்த நிம்மதி காத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மச்சக்காளை முதலில் இறங்கினார். மிளகுத் தோட்டத்தைத் தேடித் தேடி இளைத்துப் போயிருந்த அந்த மனுஷன் சேற்றில் காலை ஊன்றி, வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துத் தாங்கிக்கொண்டார். பிறகு பலா மரத்துத் தம்பி இறங்கினான், அவன் அண்ணன் இறங்கினான், ஐயையோ என்ற பெண் இறங்கினாள். அன்றைக்குத் தள்ளிக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் அந்தப் பன்னிரண்டில் இருந்தார்கள். அவர்கள் ஒச்சம்மாளின் முகத்தைப் பார்க்காமல் வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று தோளைக் கொடுத்தார்கள். எங்கே தள்ளினோம் என்று கேட்ட ஆளும் அவர்களில் ஒருவர். அவர் தன் கையையும், கீழே இருந்த சேற்றையும் பார்த்துவிட்டுத் திடீரென்று விம்மினார். பன்னிரண்டு பேரும் வண்டியைத் தாங்கி நின்றார்கள்.

முன்சீட்டில் பொம்முராசு தனியாக உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. டிரைவரைத் தவிர வண்டியில் தன் ஒருவர் பாரம்தான் இருக்கிறது என்பதை அவரே உணர்ந்த மாதிரி கொஞ்ச நேரம் அசைந்து கொடுத்தார், பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். நேராக நடந்து மேலே போய்விடலாமா என்று பார்த்தார். அந்த ஓர் எட்டைத் தாண்ட வேண்டும், அங்கே சிவனாண்டி படுத்திருந்தார். பொம்முராசு திரும்பி வந்து, எல்லாருக்கும் கடைசியில், வண்டியில் ஒரு கையை வைத்தார்.

காசிமாயன் இடது கையால் சின்னக் கியரைப் பின்னால் தள்ளினான். பழையபடி இரண்டு சக்கரம்.

ஒச்சம்மாள் இப்போதுதான் மடியிலிருந்த கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். வைத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. கட்டை கொஞ்சம் கோணலாக இருந்தது. எடுத்து, அடியில் இருந்த சேற்றை விரலால் வழித்து எறிந்துவிட்டு, மறுபடியும் வைத்தாள். கழுத்தில் மழை வழிந்தது. பன்னிரண்டு பேரும் தாங்கிக்கொண்டே நின்றார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை.

"எந்திரிம்மா, நேரமாச்சு" என்றார் பொம்முராசு.

"மதினி எந்திரிக்கட்டும்யா" என்றான் காசிமாயன், திரும்பிப் பார்க்காமல்.

அவனுடைய வலது கால் பிரேக்கைத் தரையோடு மிதித்திருந்தது. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். ஒச்சம்மாள் அவசரப்படவில்லை. குனிந்து, கட்டையைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.